தக்காளியில் ஓட்டை போட்டது யார்?



2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டினதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ரசத்துக்கு ஒரு பழம் போடவே யோசிச்ச நேரம் அது. அதிலிருந்து கொல்லையில் நாலு செடி, எட்டு செடி என்று வைக்கிற உறுப்பினர்கள் அதிகம். நல்ல விஷயம்தான். ஆனால் குழுக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "செடி நல்லா வருது, காயெல்லாம் பூச்சி. என்ன மருந்து அடிக்கிறது?"

மருந்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதல்ல கடிச்சது எதுன்னு தெரியணும். காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் ஒரே மாத்திரையை நாம் கொடுப்பதில்லையே! செடியும் அப்படித்தான். எது வந்ததோ அது தன் அடையாளத்தை விட்டுவிட்டுத்தான் போகும்.

காயில் வட்டமாக ஓட்டை இருந்தால் அது காய்ப்புழு. பாதி உடம்பைக் காய்க்குள் விட்டு, பாதியை வெளியே நீட்டிக்கொண்டு தின்னும். ஓட்டைப் பக்கத்தில் அதன் எச்சம் கிடக்கும். பச்சை, பழுப்பு என்று பல நிறத்தில் இருக்கும். ஒரு காயை முழுசாகத் தின்று முடிக்காமலே அடுத்த காய்க்குப் போய்விடும். அதனால்தான் ஒரே ஒரு புழு இருந்தாலும் ஒரு கொத்தே வீணாகிறது.

இங்கே ஒன்றை நன்றாக மனசில் வாங்கிக்கணும். புழு காய்க்குள் போன பிறகு மேலே எதைத் தெளித்தாலும் அதன் மேல் சரியாகப் படாது. ஓட்டையைப் பார்த்த பிறகு மருந்துக்கு ஓடுவது, திருடன் போன பிறகு கதவைப் பூட்டுகிற கதைதான். நாம் பிடிக்க வேண்டியது முட்டையை. தாய் அந்துப்பூச்சி ராத்திரியில் வந்து, பூவுக்குப் பக்கத்தில் இருக்கிற இளம் இலைகளில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். கசகசா அளவில், வெளிர் மஞ்சளாக இருக்கும். மூன்று நாலு நாளில் பொரிந்துவிடும். பூ விட ஆரம்பித்ததும், காலையில் வாசல் தெளிச்ச கையோடு கொல்லைக்குப் போய், நுனி இலைகளைத் திருப்பிப் பாருங்க. முட்டையை விரலால் துடைச்சு விட்டாலே போதும். எட்டு செடிக்கு ஐந்து நிமிஷம் ஆகாது. ஏக்கர் கணக்கில் வைக்கிறவர்களால் முடியாத வேலை இது, நம்மால் முடியும்.

ஓட்டை விழுந்த காயைப் பறித்து வேலியோரம் வீசாதீங்க. உள்ளே இருக்கிற புழு வெளியே வந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, மறுபடி அந்துப்பூச்சியாக வரும். சோப்புத் தண்ணீரில் போட்டு மூழ்க வையுங்க. செடி முடிந்ததும் மண்ணைக் கிளறி வெயில் காட்டினால் கூட்டுப்புழு மேலே வரும். மிச்சத்தைக் கோழி பார்த்துக்கொள்ளும்.

இலை வெறும் சல்லடையாக, நரம்பு மட்டும் நிற்கிறதா? அது வெட்டுப்புழு. இது முட்டையைக் குவியலாக வைத்து, மேலே பழுப்பு ரோமத்தால் மூடி வைக்கும். குஞ்சுப் புழுக்கள் கும்பலாகவே ஒரு இலையைச் சுரண்டும். அந்த ஒரு இலையைக் கிள்ளி எடுத்தால் நூற்றுக்கணக்கில் ஒரே தடவையில் போயிற்று. ஓரத்தில் ரெண்டு ஆமணக்குச் செடி வைத்தால் முதலில் அங்கேதான் முட்டை வைக்கும். அங்கே வைத்தே பிடிக்கலாம்.

இலையில் பாம்பு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு போனால் பயப்பட வேண்டாம். அந்த இலையை மட்டும் கிள்ளிவிடுங்க. ஆனால் கோடாக இல்லாமல் அகலமான திட்டாகக் காய்ந்து, காயில் ஊசி குத்தின மாதிரி சின்ன ஓட்டை காம்போரம் தெரிந்தால் அது ஊசிப்புழு. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2014-ல் மகாராஷ்டிராவில் முதலில் கண்டார்கள், பிறகு தெற்கேயும் பரவியது. வேகமாகப் பெருகும். அந்த இலையையும் காயையும் அன்றைக்கே எடுத்து அழிக்கணும்.

செடியைத் தட்டினால் குட்டிக் குட்டியாக வெள்ளைப் பூச்சி பறக்கிறதா? வெள்ளை ஈ. அது சாறு உறிஞ்சுவதைவிடப் பெரிய கெடுதல், இலைச்சுருட்டு நோயைச் செடிக்குச் செடி கொண்டு போவது. இலை மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, செடி குட்டையாக நின்றுவிடும். இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. பாவம் பார்க்காமல் பிடுங்கிவிடணும், இல்லையென்றால் மற்ற செடிகளுக்கும் வரும். நாற்றுப் பருவத்தில்தான் இது வந்து சேரக் கூடாது. விதை போட்ட நாளிலிருந்து நடுகிற வரைக்கும் ஒரு கொசுவலைத் துணியால் நாற்றை மூடி வைத்தால் பாதிக் கவலை தீரும். நட்ட பிறகு, மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு தகர டப்பாவில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குக் கட்டி வையுங்க. வெள்ளை ஈ மஞ்சளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரி அமுங்கியிருக்கும். ஓட்டை இருக்காது, எச்சமும் இருக்காது. இதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் பூச்சி மருந்து வாங்குகிறார்கள். அது பூச்சியே இல்லை. ரெண்டு நாள் காயப்போட்டு மூணாம் நாள் குளிப்பாட்டினால், காய்க்குச் சுண்ணாம்புச் சத்து ஒழுங்காகப் போய்ச் சேராமல் வருவது. தினமும் அளவாகத் தண்ணீர் ஊற்றி, அடியில் காய்ந்த சருகைப் பரப்புங்க. அடுத்த காய்கள் சரியாக வரும்.

இப்போது மருந்து. பருத்திக்கு வாங்கி மிச்சமிருக்கிற பாட்டிலைத் தயவுசெய்து தொடாதீங்க. மோனோகுரோட்டோபாஸை எந்தக் காய்கறிக்கும் அடிக்கக் கூடாது என்று 2005-லேயே மத்திய அரசு தடை போட்டது. மற்ற மருந்துகளுக்கும் அடித்த பின் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று கணக்கு உண்டு. நம்ம வீட்டுத் தக்காளியோ தினம் ஒன்று ரெண்டாகப் பழுக்கிறது. பிள்ளை பறித்து அப்படியே கடிக்கிறான். அந்த நாள் கணக்கை எங்கே பார்ப்பது?

நமக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து ராத்திரி தண்ணீரில் ஊற வையுங்க. மறுநாள் பால் மாதிரி வரும் வரை பிழிந்து, மொத்தம் ஒரு லிட்டர் ஆக்கி, துளி காதி சோப்பு கரைத்து, சாயங்காலம் இலையின் அடியிலும் படுகிற மாதிரி தெளியுங்க. சமையல் பாத்திரம் வேண்டாம். அன்றே தெளித்துவிடணும். பூச்சி பொத்துப் பொத்தென்று விழாது, அதனால் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீங்க. புழு தின்பதைக் குறைக்கும், வளர விடாது. பத்து நாளைக்கு ஒரு முறை தொடர்ந்து தெளிக்கணும். பொறி வண்டும் சிலந்தியும் கண்ணில் பட்டால் விட்டுவிடுங்க, அவை நம் கட்சி.

தக்காளியோடு செண்டுமல்லியும் வையுங்க. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அந்தப் பூவில் முட்டை வைக்க ஆசைப்படும். தக்காளி பூக்கும்போது அதுவும் பூத்திருக்கணும். அதற்காக 25 நாள் தக்காளி நாற்று நடும்போது 40 நாள் செண்டுமல்லி நாற்றாக நடுவார்கள். பூவை ஆராய்ந்து புழுவைப் பொறுக்கிவிட்டால், மிச்சப் பூ சாமி படத்துக்கு.

வேப்பங்கொட்டை மட்டும் கேட்டபோது கிடைக்காது. ஆனி, ஆடியில் பழம் உதிரும்போதே பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டி வைக்கணும். மூன்று மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை வீரியம் நன்றாக இருக்கும். எட்டு செடிக்கு ஒரு பருவம் முழுக்க ஒரு கிலோ பருப்பு போதும். வரும் ஆனி மாதக் கூட்டத்தில் யார் எந்த மரத்தடி என்று பேசித் தீர்மான நோட்டில் எழுதிவிட்டால், குழுவுக்கே ஒரு மூட்டை சேர்ந்துவிடும்.