பாதி புரோகிராமில் 87 அலாரம்

கேள்வி: எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பழைய ஃபானுக் கண்ட்ரோல் உள்ள விஎம்சி ஓடுகிறது. கம்ப்யூட்டரிலிருந்து சின்ன புரோகிராம்கள் ஒழுங்காக ஏறுகின்றன. பெரிய மோல்டு புரோகிராம் அனுப்பினால் பாதியில் 87 அலாரம் வந்து நின்றுவிடுகிறது. இப்போதுள்ளது நாங்களே சால்டர் செய்த மூன்று ஒயர் கேபிள். 25 பின்னும் இணைத்த ரெடிமேட் கேபிள் கடையில் கிடைக்கிறது. அதை வாங்கிப் போடலாமா?
– வாசகர், கோவை

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். ஃபானுக்கின் 25 பின் சாக்கெட்டில் கடைசிப் பின்னில் 24 வோல்ட் டிசி வருகிறது. டேப் ரீடர் போன்ற கருவிகளுக்குக் கரண்ட் கொடுக்க வைத்தது அது. எல்லாப் பின்னும் நேராக இணைந்த கேபிள் அந்த 24 வோல்ட்டை மறுமுனை வரை கொண்டுபோய்விடும். மறுமுனையில் இருப்பதன் போர்ட் கருகினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

உங்கள் கேபிளில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. சின்ன புரோகிராம் ஏறுகிறதென்றால் பாட் ரேட், பேரிட்டி எல்லாம் பொருந்தியிருக்கின்றன. அவை தவறினால் வருவது 85. மெஷின் நிறுத்தச் சொன்ன பிறகும் பத்து எழுத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தால்தான் 87 வரும். சின்ன புரோகிராம் அதற்குள் முடிந்துவிடுவதால் தப்பிக்கிறது.

கம்ப்யூட்டர் ஏன் நிற்கவில்லை? மூன்று ஒயர் கேபிளில் மெஷின் பக்கம் 4-5, 6-8-20 என்றும், கம்ப்யூட்டரின் 9 பின் பக்கம் 7-8, 1-4-6 என்றும் ஜம்பர் போட்டிருப்பீர்கள். எதிர்ப்பக்கம் எந்த நிலையில் இருந்தாலும் இந்த ஜம்பர்கள் ‘தயார், தயார்’ என்றே காட்டும். அனுப்பும் சாஃப்ட்வேரில் ஹார்டுவேர் ஹேண்ட்ஷேக் வைத்திருந்தால் அது நிற்கவே நிற்காது. எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் என்று மாற்றுங்கள். நிறுத்தும் குறி டேட்டா ஒயரிலேயே வந்துவிடும். வேறு ஒயர் இழுக்க வேண்டியதில்லை.

அப்படியும் 87 வந்தால், விண்டோஸில் அந்த காம் போர்ட்டின் அட்வான்ஸ்டு செட்டிங்கில் ஃபைஃபோ பஃபரைப் பாருங்கள். 16 எழுத்து வரை அது முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும். நிறுத்தச் சொன்ன பிறகும் இருப்பதை அனுப்பித் தீர்க்கும். ஃபானுக் பொறுப்பதோ பத்துதான். டிரான்ஸ்மிட் பஃபரை ஆகக் குறைவாக வையுங்கள்.

கேபிளை இனி எப்போது புதிதாகச் செய்தாலும் மெஷினின் 2, 3, 7 பின்கள் முறையே கம்ப்யூட்டரின் 2, 3, 5-க்குப் போக வேண்டும். 9 பின்னில் 2 வாங்குவது, 25 பின்னில் 2 அனுப்புவது. அதனால் குறுக்கே மாற்றத் தேவையில்லை. சந்தேகமாக இருந்தால் கேபிளைக் கழற்றிவிட்டு, மெஷினை ஆன் செய்து, 7-க்கும் 2-க்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். சும்மா இருக்கும்போது அனுப்பும் பின்னில் மைனஸ் வோல்டேஜ் காட்டும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் சேருங்கள். செருகுவதும் கழற்றுவதும் இரண்டு பக்கமும் பவரை ஆஃப் செய்த பிறகுதான்.

செட்டிங் மாற்றியதும் நேராக ஜாபில் ஓட்ட வேண்டாம். மெமரியில் ஏற்றி, அதையே கம்ப்யூட்டருக்குத் திரும்ப வாங்கி, இரண்டு ஃபைலையும் ஒப்பிட்டுவிடுங்கள். ‘இசட் 5.’ என்பதில் புள்ளி மட்டும் விழுந்தாலும் பல ஃபானுக் மெஷின்களில் அது 0.005 மில்லிமீட்டர் ஆகிவிடும். டூல் மேலே எழும்பாமல் ஜாபின் மேலேயே இழுத்துக்கொண்டு போகும்.