ஒரு பாட்டு, ஐந்து ரீமிக்ஸ்

நைன் இன்ச் நெய்ல்ஸ் ரசிகர்கள் இருவர் இருக்கும் இடத்தில் 'தி பெர்ஃபெக்ட் டிரக்' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார், இன்னொருவர் முகம் சுளிப்பார். ரீமிக்ஸ்களைப் பற்றிப் பேச்சு வந்தாலோ இருவருமே குரலை உயர்த்துவார்கள். 1997இல் வந்த ஒரே ஒரு சிங்கிளுக்கு இவ்வளவு ரகளை. இண்டஸ்ட்ரியல் ராக் பக்கம் புதிதாக வரும் தம்பி, தங்கைகள் வந்த வேகத்தில் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன்.

1. முதலில் ஒரிஜினலைக் கேளுங்கள். ஒருமுறை ஓடவிட்டால் போதாது, மனப்பாடமாக வேண்டும்.

டேவிட் லிஞ்ச் எடுத்த 'லாஸ்ட் ஹைவே' படத்தின் இசைத்தட்டைத் தொகுத்தவர் நைன் இன்ச் நெய்ல்ஸின் டிரெண்ட் ரெஸ்னர். அதற்காகத்தான் இந்தப் பாட்டு உருவானது. லண்டனில் அப்போது கொடிகட்டிப் பறந்த டிரம் அண்ட் பேஸ் பாணித் தாளம் மூச்சுவிடாமல் ஓடும், அதன்மேல் கிடாரும் குரலும். நடுவில் எல்லாரையும் ஓரங்கட்டிவிட்டு டிரம்ஸ் தனியாக ஒரு வெறியாட்டம் ஆடும். அதற்குப் பிறகு வேகம் வடிந்து தளர்ந்த நடையில் பாட்டு முடியும். இந்த மூன்று பகுதிகளும் கண்ணை மூடினால் காதில் ஓடவேண்டும். அப்போதுதான் ரீமிக்ஸில் எது காணாமல் போயிற்று என்று தெரியும்.

இதைக் கற்பிப்பதற்கென்றே ஒரு வேடிக்கை நடந்தது. 1997 மே மாதம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரீமிக்ஸ் சிடியில் ஒரிஜினல் பாட்டே இல்லை. ஐந்து ரீமிக்ஸ் மட்டும்தான். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் வாங்கியவர்களுக்கு ஆறாவதாக ஒரிஜினலும் கிடைத்தது. அமெரிக்க ரசிகர்கள் அதற்காகப் படத்தின் இசைத்தட்டைத் தனியாக வாங்கவேண்டும். அவர்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த எரிச்சலை ரீமிக்ஸ் செய்தவர்கள் தலையில் கொட்டியதில் நியாயம் இல்லை.

2. ரீமிக்ஸ் செய்தவர் யார் என்று பாருங்கள்.

நம் சினிமாவில் பழைய பாட்டைப் புதுக் குரலில் பாடி, நடுவில் ராப் செருகுவதை நினைத்துக்கொண்டு இதற்குள் வராதீர்கள். இங்கே குரல், கிடார், டிரம்ஸ் என்று தனித்தனி டிராக்குகள் வேறொரு கலைஞர் கைக்குப் போகும். அவர் இஷ்டப்பட்டதை எடுத்துக்கொள்ளலாம், முழுதாகவே கவிழ்த்தும் போடலாம்.

இந்தச் சிங்கிளுக்குக் கைவைத்தவர்கள் மீட் பீட் மேனிஃபெஸ்டோ, பிளக், ஸ்பேஸ்டைம் கன்டினியூவம், தி ஆர்ப், பிறகு நைன் இன்ச் நெய்ல்ஸே. பிளக் என்பது லூக் வைபர்ட் வைத்துக்கொண்ட புனைபெயர். டிரம் அண்ட் பேஸை விளையாட்டுக் குணத்தோடு நறுக்கித் தருவதில் கெட்டிக்காரர். அவருடைய ஆல்பத்தை அதே ஆண்டு அமெரிக்காவில் வெளியிட்டது ரெஸ்னரின் நத்திங் ரெக்கார்ட்ஸ்தான். ஆக, அவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய காபிப்பொடியில் டிகாக்‌ஷன் இறக்கி, அந்த வீட்டுக்காரரையே குடிக்கக் கூப்பிட்ட மாதிரி இது: தாளம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே பாட்டு போயிருக்கிறது. அலெக்ஸ் பேட்டர்சனின் தி ஆர்ப் மிதக்கும் இசைக்குப் பேர்போனது. அவர்களிடம் கொடுத்துவிட்டு 'கிடார் ஏன் உறுமவில்லை' என்று கேட்பவரை என்ன சொல்வது?

3. 'ஒரிஜினலைவிட நல்லா இருக்கா?' என்ற கேள்வியை மூட்டை கட்டி வையுங்கள். எதை வைத்துக்கொண்டார், எதைத் தூக்கி எறிந்தார் என்று கேளுங்கள்.

இதற்கு 'குளோசர்' பாட்டைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 1994இல் வந்தது. அதன் அடித்தாளமே கடன்தான். இகி பாப் 1977இல் வெளியிட்ட 'நைட்கிளப்பிங்' பாட்டின் டிரம் ஒலியை எடுத்துத் திரித்து அதன்மேல் கட்டியிருக்கிறார் ரெஸ்னர். நடனக் கூடத்துக்கும் ஒத்துவரும் பாட்டு. காமமும் வெறுப்பும் பச்சையாகக் கொட்டும் வரிகளால் வானொலியில் சொற்களை வெட்டித்தான் போட்டார்கள்.

இதை காயில் குழுவினர் டேனி ஹைடோடு சேர்ந்து 'பிரிகர்சர்' என்ற பெயரில் மாற்றினார்கள். எல்லாரும் கூடவே கத்துகிற அந்தப் பல்லவி போய்விட்டது. ஆடவைக்கும் சுகமும் போய்விட்டது. மிஞ்சியது அந்தத் துடிப்பும், அதைச் சுற்றி ஊர்ந்து வரும் ஏதோ ஒரு தீமையும். 1995இல் டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்' படத்துக்கு கைல் கூப்பர் வடிவமைத்த தொடக்க எழுத்துகள் இந்த ரீமிக்ஸின் மேல்தான் ஓடுகின்றன. கொலைகாரனின் நோட்டுப் புத்தகங்கள், பிளேடு, கீறல் எழுத்து. கடைசியில் பாட்டின் ஒரே ஒரு வரி மட்டும் காதில் விழும். ஒரிஜினலை அங்கே வைத்துப் பாருங்கள், நிற்காது. பல்லவியைத் துறந்ததால்தான் அந்தப் படத்துக்குள் அதற்கு இடம் கிடைத்தது. இதில் எது உயர்ந்தது என்று சண்டை போடுபவர்கள் போடட்டும். எனக்கு இரண்டும் வேண்டும், வெவ்வேறு நேரங்களில்.

'குளோசர்' சிங்கிளில் 'டீவியேஷன்' என்று இன்னொரு ரீமிக்ஸ் உண்டு. அதில் கைவைத்தவர் மீட் பீட் மேனிஃபெஸ்டோவின் ஜாக் டேஞ்சர்ஸ். அவர் குழுவின் பெயரை இரண்டாம் விதியில் பார்த்துவிட்டோம். இரண்டு சிங்கிள்களிலும் அவர் செய்ததை அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரு மனிதரின் கைவாகு பிடிபடும்.

4. இடத்தைச் சுட்டிக் காட்டுங்கள்.

'சூப்பர்', 'மொக்கை' எல்லாம் கருத்தில் சேராது. 'நடுவில் டிரம்ஸ் தனியாக வரும் இடத்தை எடுத்துவிட்டார், அதனால் முடிவில் வரும் தளர்ச்சிக்குக் காரணமே இல்லாமல் போகிறது' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் பாட்டைத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். பிடித்திருந்தாலும் இதே சட்டம்தான்.

5. 'இதெல்லாம் இண்டஸ்ட்ரியலே இல்லை' என்பவரோடு மல்லுக்கட்டாதீர்கள்.

அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அந்தப் பெயரே த்ராபிங் கிரிஸில் குழு 1976இல் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸிலிருந்து வந்தது. அவர்கள் செய்ததோடு ஒப்பிட்டால் நைன் இன்ச் நெய்ல்ஸ் மெல்லிசை. ஆனால் ஒன்று: அந்தக் குழுவில் இருந்த பீட்டர் கிறிஸ்டஃபர்சன்தான் பின்னாளில் காயிலில் இருந்து 'குளோசரை' மாற்றியவர்களில் ஒருவர். மூலவருக்கே ஆட்சேபம் இல்லாதபோது பக்தர்களுக்கு ஏன்?

6. பாட்டை எழுதியவர் சொல்லையும் வேதவாக்காக எடுக்காதீர்கள்.

'தி பெர்ஃபெக்ட் டிரக்' அவசரத்தில் செய்தது, தன் சிறந்த பாட்டுகளில் அதைச் சேர்க்கமாட்டேன் என்கிற தொனியில் ரெஸ்னர் பேசியிருக்கிறார். மேடையிலும் அதைத் தொடவில்லை. உடனே ஒரு கூட்டம் 'அவரே சொல்லிவிட்டார்' என்று பாட்டைக் கைகழுவியது. இன்னொரு கூட்டம் விடவில்லை. அந்த டிரம்ஸை நேரில் யாராலும் வாசிக்க முடியாது, அதனால்தான் தவிர்க்கிறார் என்று காரணம் கற்பித்துக்கொண்டு வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தது. 2018 செப்டம்பரில், கொலராடோவின் ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கில், முதல்முறையாக மேடையில் வாசித்தார்கள். இலான் ரூபின் டிரம்ஸில் இருந்தார். பாட்டு வெளியாகி 21 ஆண்டுகள் கழித்து. பிடிவாதக்காரர்களைக் கேலி செய்தவர்களில் எத்தனை பேர் அன்று வாய் பொத்தினார்கள் என்று எண்ணிப் பார்க்க ஆசை.

7. வரிசை எண்ணுக்கு அடிமையாகாதீர்கள்.

இந்தக் குழுவின் வெளியீடுகளுக்கு 'ஹேலோ' எண் உண்டு. 'குளோசர்' சிங்கிள் ஹேலோ 9, 'தி பெர்ஃபெக்ட் டிரக்' ஹேலோ 11. இடையில் வரும் ஹேலோ 10, அதாவது 1995இன் 'ஃபர்தர் டவுன் தி ஸ்பைரல்', அமெரிக்காவில் ஒரு பாட்டு வரிசையோடும் பிரிட்டனில் வேறு வரிசையோடும் வந்தது. இரண்டையும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அதில் ஏஃபெக்ஸ் ட்வின் செய்ததை ஒழுங்காகக் கேட்டிராத ஆட்கள் இருக்கிறார்கள்.

8. ஒருமுறையாவது நீங்களே ஒரு பாட்டைப் பிரித்துப் பாருங்கள்.

2005 ஏப்ரலில் ரெஸ்னர் 'தி ஹேண்ட் தட் ஃபீட்ஸ்' பாட்டின் டிராக்குகளை கராஜ்பேண்ட் மென்பொருள் கோப்பாக ரசிகர்களுக்கே கொடுத்துவிட்டார். அடுத்து 'ஒன்லி' வந்தது. 2007இன் 'இயர் ஜீரோ ரீமிக்ஸ்ட்' வெளியீட்டிலும் அப்படியே டிராக்குகளைக் கொடுத்தார். இசை படித்திருக்கவேண்டும் என்ற அவசியம் இல்லை. முதலில் குரலை மட்டும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு குரலை வைத்துக்கொண்டு டிரம்ஸை அணையுங்கள். அதன்பின் புதிதாக ஒரு தாளத்தை அந்தக் குரலின் கீழே ஓட்டிப் பாருங்கள். எட்டு விநாடி ஒட்டும், ஒன்பதாவது விநாடியில் வழுக்கும். இழுத்துப் பிடித்தால் வேறு எங்காவது கழன்றுகொள்ளும். அதோடு ஒரு ராத்திரி முட்டி மோதிவிட்டு, மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிளக்கின் ரீமிக்ஸைப் போடுங்கள். அப்போதும் பிடிக்கவில்லையா? தாராளமாகச் சொல்லுங்கள். எனக்கும் அது இன்றுவரை ஒட்டவில்லை, எந்த இடத்தில் என்று கேட்டால் காட்டுவேன்.