தெரிந்துவினையாடலும் தொழில்நெறி வழிகாட்டலும்: உடன்குடிப் பனைத்தொழிலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொழில்நெறி வழிகாட்டலுக்குத் தமிழ் மரபில் முன்னோடியாக 517ஆம் குறளைக் காட்டும் வழக்கம் உள்ளது. அக்குறள் வினையை ஒப்படைப்பவரை நோக்கியது; வினையைத் தேர்பவரை நோக்கியதன்று. இவ்வேறுபாட்டை வலியறிதல் அதிகாரத்தின் துணைகொண்டு விளக்கி, உடன்குடிப் பனைத்தொழிற் குடும்பங்களின் நிலையில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: திருக்குறள், தெரிந்துவினையாடல், வலியறிதல், தொழில்நெறி, பனைத்தொழில்.

குறளின் கேட்போர்

தெரிந்துவினையாடல் அரசியலில் வைக்கப்பட்டுள்ள 52ஆம் அதிகாரம். வினை, கருவி, வினைசெய்வோன் ஆகிய மூன்றையும் ஆராய்ந்து பொருந்திய பின்னரே வினையை ஒருவனிடம் விடுக என்பது 517ஆம் குறளின் கருத்து. 1908இல் பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டு நிலையம் தொடங்கிய பிராங்க் பார்சன்சு, மறு ஆண்டு வெளிவந்த தம் நூலில், தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்தி எண்ணுதல் என்று மூன்று கூறுகளைக் குறிப்பிட்டார். இரண்டிலும் மும்மை இருப்பதால் ஒப்புமை எளிதில் தோன்றிவிடுகிறது. ஆனால் பார்சன்சின் திட்டத்தில் முடிவெடுப்பவர் இளைஞரே. குறளில் வினைசெய்வோன் படர்க்கையில் நிற்கிறான். அவனைப் பற்றிப் பேசப்படுகிறதேயன்றி, அவனிடம் பேசப்படவில்லை.

இங்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். உரியவனைக் கண்டபின் அவனை அவ்வினைக்கு உரியவனாக ஆக்குக என்கிறது அடுத்த குறள். தேர்வோடு ஒப்படைப்பவரின் கடமை முடிவதில்லை. தொழில் வளர்ச்சி பற்றிப் பேசுவோர்க்கு 517ஐ விட 518 பயன்மிக்கது என்பது என் கருத்து. மேற்கோளாக வருவது என்னவோ முன்னதே.

நான்கு வலிகள்

வினைசெய்வோனே தன்னை எடைபோடும் இடம் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதல். போர் மேற்செல்லும் அரசனுக்குக் கூறியதே ஆயினும், வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி என்னும் பகுப்பு தொழிலைத் தேரும் எவர்க்கும் பொருந்தும். கொம்பின் நுனிவரை ஏறியவன் அதற்கு மேலும் ஏற முயல்வதன் கேட்டை அவ்வதிகாரமே உவமையாக்குகிறது. பனைக்கோ கொம்பில்லை, புறவயிரம் உடையவற்றைப் புல் என வகுக்கும் தொல்காப்பிய மரபியல் முறைப்படி அது மரமும் அன்று.

உடன்குடி வட்டாரத் தேரி நிலத்தில் பனையேறி காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவுகிறார். பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்படுகிறது. இறக்கிய பதநீரை விடிலியில் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. இத்தொழிலுக்கு நான்கு வலிகளையும் பொருத்தலாம். ஆண்டில் சில திங்களே பதநீர் சுரக்கும் என்பது வினைவலி சார்ந்தது. உயரம் அஞ்சாமையும் உடலுறுதியும் தன்வலி. சீனி கலந்து மலிவாக விற்கப்படும் கருப்பட்டி மாற்றான்வலி. உடன்குடிக் கருப்பட்டி பெற்றுள்ள புவிசார் குறியீடும் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்களும் துணைவலியில் அடங்கும். அவற்றினும் முதன்மையான துணைவலி விடிலியில் தீ மூட்டும் கைகளே.

பனையேறியின் பிள்ளை பனையேற வேண்டும் என்பது இதன் பொருளன்று. கருப்பொருள்களுள் ஒன்றாகச் செய்தியைச் சொல்லும் திணை மரபு தொழிலை நிலத்தோடு பிணைத்தது. சாதி அதனைப் பிறப்போடு பிணைத்தது. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் 'குலக்கல்வி' என எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராசர் முதல்வரானபின் கைவிடப்பட்டது. அந்த வரலாற்றை மறந்து இங்கு மரபுத்தொழில் பேச இயலாது. விட்டு விலகும் உரிமையும் தொழில்நெறியே. ஆனால், விலகுவோர்க்கும் எடைபோடும் முறை வேண்டும். உடன்குடியில் தலா 660 மெகாவாட் திறனுள்ள இரு அலகுகளைக் கொண்ட அனல்மின் திட்டமும், 2024 பிப்ரவரி 28இல் அருகிலுள்ள குலசேகரப்பட்டினத்தில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளமும் அப்பகுதி மாணவர் முன் நிற்கின்றன. இவற்றுக்கு எத்தகையோர் தேவை என்று வினவுவது 517இன் வினா. அங்குச் செல்ல எனக்கு எத்துணை உண்டு என்று மாணவர் வினவுவது வலியறிதலின் வினா.

தன்மையும் தன்மைப் பன்மையும்

2022 மார்ச் 1இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் பெயர் தன்மை ஒருமையில் அமைந்தது. ஒப்படைக்கப்படும் படர்க்கையான் தானே பேசத் தொடங்கிவிட்டான் என்ற அளவில் இப்பெயர்மாற்றம் சிறிதன்று. எனினும் பனைத்தொழில் ஒருவர் செய்யும் தொழிலன்று; ஏறுபவரும் காய்ச்சுபவரும் சேர்ந்தாலே கருப்பட்டி. மாணவரின் குடும்ப விவரங்களைக் குறிக்கும்போது தந்தைக்கு 'பனைத்தொழில்' என்றும் தாய்க்கு 'இல்லத்தரசி' என்றும் எழுதிவிட்டால், பாகின் பதத்தைக் கண்ணால் அறியும் திறன் அந்த இடத்திலேயே மறைந்துவிடுகிறது. அத்திறனைக் கண்டு வளர்ந்த மகளுக்கு உணவுப் பதப்படுத்தலும் தரக்கட்டுப்பாடும் அயலான துறைகள் அல்ல. வழிகாட்டுபவர் அவளிடம் முதலில் கேட்கவேண்டியது, வீட்டில் பதம் பார்ப்பவர் யார் என்பதே.