கல்குவாரிப் பள்ளமும் நீர்க் கணக்கும்

கல் வெட்டி முடிந்தபின் கைவிடப்பட்ட குவாரிப் பள்ளங்கள் நம் ஊராட்சிகள் பலவற்றில் உள்ளன. "இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கையில் கோடையில் குடிநீர்ப் பஞ்சம் ஏன்?" என்று உறுப்பினர்கள் கேட்பது நியாயமே. 2017-ஆம் ஆண்டில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் குவாரிகளின் நீரே சுத்திகரிக்கப்பட்டு நகருக்கு வழங்கப்பட்டது.

ஆயினும் பள்ளத்தின் அளவு வேறு. அதில் சேரும் நீரின் அளவு வேறு. இதனை உணராமல் பம்புசெட்டு வைத்தால் ஊராட்சிப் பணம் வீணாகும். சித்திரையில் குடங்கள் மீண்டும் வரிசையில் நிற்கும். ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

1. கொள்ளளவு: செங்குத்தான சுவர்களுடைய ஒரு பள்ளம் 60 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம் உடையது எனக் கொள்வோம். இதன் கொள்ளளவு 30,000 கன மீட்டர். அதாவது 3 கோடி லிட்டர்.

2. வரத்து: பள்ளத்தை நோக்கி நீர் வடியும் நிலம் 4 ஹெக்டேர், பருவமழை 400 மில்லிமீட்டர். அந்நிலத்தில் பெய்வது 160 லட்சம் லிட்டர். அதில் பாதி மண்ணில் ஊறிவிடுவதாகக் கொண்டால், வந்து சேர்வது 80 லட்சம். பள்ளத்தின் மீதே பெய்வது 12 லட்சம். ஆக 92 லட்சம் லிட்டர். பள்ளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

3. கழிவு: நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் வீதம் 120 நாளில் ஆவியாவது 18 லட்சம். அடியில் சேறு கலங்காதிருக்க ஒரு மீட்டர் நீரை விட்டுவைப்பது 30 லட்சம். மிஞ்சுவது 44 லட்சம். பாறையில் வெடிப்பு இருப்பின் கசிவும் உண்டு. ஆகவே ஒரு பருவம் சுவரில் அளவுகோல் வரைந்து, நீர்மட்டத்தை வாரந்தோறும் குறித்தல் நலம்.

4. தேவை: 500 பேருக்கு, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் 120 நாளுக்கு 33 லட்சம் லிட்டர் வேண்டும். இப்பள்ளம் அச்சிற்றூருக்குப் போதும். ஆயிரம் பேருக்குப் போதாது.

பற்றாக்குறை தோன்றினால் பள்ளத்தை ஆழப்படுத்துவதால் பயனில்லை. வரத்துக் கால்வாயைச் சீர்செய்து, வடியும் நிலத்தைப் பெருக்குவதே வழி.

பணி தொடங்குமுன் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி பெறவேண்டும். வெடிமருந்தின் எச்சம் நீரில் கலந்திருக்கக்கூடுமாதலால் நீரைப் பரிசோதிக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் முன்பாகப் பள்ளத்தைச் சுற்றி வேலி அமைக்க வேண்டும். ஊருக்கு நீர் தரவேண்டிய பள்ளம் ஒரு குழந்தையின் உயிரைக் கொள்ளுமாயின், நம் கணக்குகள் யாவும் வீணே.