ஒரு நாளைக்கு இருபது நிமிடம்: விட்ட பாடத்தை வீட்டிலிருந்தே தொடங்குவோம்

சொந்த இடத்துக்குத் திரும்பிய குடும்பத்துக்கு முதல் வாரத்தில் வேலை நிறைய. கூரையைப் பார்க்க வேண்டும், கிணற்றை இறைக்க வேண்டும், கிராம உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும், நிவாரண அட்டைக்கு வரிசையில் நிற்க வேண்டும். இவற்றுக்கு நடுவே பிள்ளையின் படிப்பு "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று தள்ளிப்போகிறது. அந்த அடுத்த மாதம் சில வீடுகளில் வராமலே போய்விடுகிறது.

கலேவெலப் பக்கம் நாங்கள் போன ஒரு வீட்டில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பாடசாலைக்குப் போகாமல் இருந்தான். கடையில் மிச்சக் காசைச் சரியாக எண்ணி வாங்குவான். பஸ் பலகையைப் படிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். ஏன் போகவில்லை என்று கேட்டோம். "தம்பி கூட ஒரே வகுப்புல இருக்க வெக்கமா இருக்கு" என்றான். அவனுக்குப் படிப்பில் வெறுப்பு எதுவும் இல்லை. பின்தங்கிவிட்டோம் என்ற வெட்கம்தான் அவனை வாசலில் நிறுத்தியிருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் இந்தப் பக்கங்கள்.

முதலில் பாடசாலையில் சேருங்கள்

இலங்கையில் 1945ஆம் ஆண்டிலிருந்து கல்வி இலவசம். 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக்குச் செல்வது கட்டாயம். முன்பு 14 வயது வரை என்றிருந்த இந்த எல்லை 2016இல் உயர்த்தப்பட்டது. அரசாங்கப் பாடசாலைகளில் பாடநூல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகவே உங்கள் பிள்ளைக்கு இடம் கேட்பது உதவி கேட்பதாகாது. அது பிள்ளையின் உரிமை.

பத்திரங்கள் தொலைந்துவிட்டன என்பதற்காக வீட்டிலேயே காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள பாடசாலை அதிபரைச் சந்தித்து நிலைமையைச் சொல்லுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் கலேவெல வலயக் கல்விப் பணிமனைக்குச் செல்லுங்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பிறப்பே பதியப்படாமல் இருந்தால் காலங்கடந்த பதிவுக்கு வழி உண்டு. பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கை, பழைய கொப்பி எது இருந்தாலும் கையில் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை எந்தத் தரம் வரை படித்தது என்பதை ஆசிரியர் அறிய அவை உதவும்.

இடைவெளி எவ்வளவு பெரிதானாலும் மீண்டும் தொடங்கலாம். 2009இல் வவுனியா முகாம்களில் இருந்த மாணவர்கள் அங்கிருந்தபடியே அந்த ஓகஸ்ட் மாதம் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினார்கள்.

குறும்பாடம் நடத்துவது எப்படி?

பாடசாலை தொடங்கிய பிறகும் விட்ட பகுதியை வீட்டில் சிறிது சிறிதாகப் பிடிக்க வேண்டும். அதற்கு நான்கு விடயங்கள் போதும்.

1. ஒரு பாடம் இருபது நிமிடம். பிள்ளை இன்னும் கேட்டாலும் நிறுத்துங்கள். நாளைக்கு ஆசையோடு வந்து உட்காரும்.

2. தினமும் ஒரே நேரம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்றால் எப்போதும் அதே நேரம்.

3. ஒரு பாடத்தில் ஒரே ஒரு புதிய விடயம். முதல் ஐந்து நிமிடம் நேற்றையதைத் திரும்பிப் பாருங்கள், அடுத்த பத்து நிமிடம் புதியது, கடைசி ஐந்து நிமிடம் பிள்ளை உங்களுக்குச் சொல்லிக் காட்டட்டும்.

4. தம்பி தங்கையோடு ஒப்பிட வேண்டாம். மூத்த பிள்ளை பின்தங்கியிருந்தால் முதலில் அதற்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்து, பிறகு அதையே இளையவருக்கு ஆசிரியராக்குங்கள். வெட்கம் போக இது நல்ல வழி.

பாடம் 1. தமிழ்: ஊரின் பெயரிலிருந்து எழுத்து

தமிழில் 247 எழுத்து என்று கேட்டதும் பிள்ளை மலைத்துப்போகும். உண்மையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என அடிப்படை எழுத்துகள் 31தான். மற்ற 216உம் மெய்யும் உயிரும் சேர்ந்து வருபவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குறிகள்தான் திரும்பத் திரும்ப வரும். உகர, ஊகார வரிசைகளில் மட்டும் வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறும். அவற்றைக் கடைசியில் பார்க்கலாம்.

தாளில் பெரிதாக "கலேவெல" என்று எழுதுங்கள். நான்கு எழுத்து. முதலாவதும் கடைசியும் குறி எதுவும் இல்லாத க, ல. இரண்டாவது எழுத்தில் லகரத்துக்கு முன் இரட்டைக் கொம்பு இருப்பதால் "லே" என்று நீட்டிச் சொல்கிறோம். மூன்றாவதில் வகரத்துக்கு முன் ஒற்றைக் கொம்பு, ஆகவே "வெ" என்று குறுக்கிச் சொல்கிறோம். நெடிலும் குறிலும் ஊரின் பெயருக்குள்ளேயே இருக்கின்றன.

இனி இந்தச் சோடிகளை வாசிக்கச் சொல்லுங்கள்: வெல், வேல். மெல், மேல். கெடு, கேடு. கொம்பு மாறினால் பொருளும் மாறுவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

மறுநாள் "மாத்தளை". இதில் கால், புள்ளி வைத்த மெய், ஐகாரக் குறி மூன்றும் உண்டு. அதற்கு மறுநாள் "தம்புள்ளை". பஸ்ஸில் போகும்போது பலகையில் இந்தப் பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். அதே பலகையில் சிங்களத்திலும் பெயர் இருக்கும். அதையும் சேர்த்துப் பார்த்துப் பழகினால் பாடசாலையில் இரண்டாம் மொழிப் பாடம் இலகுவாகும்.

பாடம் 2. கணிதம்: கட்டும் உதிரியும்

தென்னை ஈர்க்கைச் சிறு துண்டுகளாக ஒடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக நூலால் கட்டுங்கள். ஒரு கட்டு பத்து, தனித் துண்டு ஒன்று.

52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். பிள்ளை முன்னால் 5 கட்டும் 2 உதிரியும் வையுங்கள். 7 உதிரி எடுக்கச் சொன்னால் முடியாது, இரண்டுதான் இருக்கிறது. "என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். ஒரு கட்டை அவிழ்க்கலாம் என்று பிள்ளையே சொல்லும். இப்போது 4 கட்டு, 12 உதிரி. 7 உதிரியை எடுத்தால் 5 மிச்சம். 2 கட்டை எடுத்தால் 2 கட்டு மிச்சம். விடை 25. "கடன் வாங்குதல்" என்று வகுப்பில் சொல்வது இந்தக் கட்டு அவிழ்ப்பதைத்தான். கையால் செய்துவிட்டுக் கொப்பியில் எழுதினால் மறக்காது.

அடுத்த பாடம் கடைக் கணக்கு. 640 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 1000 ரூபாய்த் தாள் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு? கடைக்காரர் போல மேல்நோக்கி எண்ணுங்கள். 640இலிருந்து 700க்கு 60. 700இலிருந்து 1000க்கு 300. மொத்தம் 360. வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் இதில் முந்திக்கொண்டு விடை சொல்லும். அந்த உற்சாகத்தை அடுத்த நாள் தமிழ்ப் பாடத்துக்குப் பயன்படுத்துங்கள்.

பாடம் 3. சுற்றாடல்: நிழல் காட்டும் திசை

வெயில் உள்ள நாளில், முற்றத்தில் சமமான இடத்தில் ஒரு தடியை நேராக நடுங்கள. காலை பத்து மணிக்கு நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். பிறகு மணிக்கு ஒரு கல்லாகப் பிற்பகல் இரண்டு மணி வரை வையுங்கள். இங்கு ஒரு தடவைக்கு ஓரிரு நிமிடமே போதும். முதல் கல்லையும் கடைசிக் கல்லையும் ஒரு கோட்டால் இணைத்தால் முதல் கல் பக்கம் மேற்கு, கடைசிக் கல் பக்கம் கிழக்கு. பன்னிரண்டு மணியளவில் நிழல் மிகக் குறுகியிருப்பதையும் பிள்ளை காணும்.

இதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை செய்து பாருங்கள். டிசம்பரில் நண்பகல் நிழல் வடக்கே விழும், ஜூனில் தெற்கே விழும். இடையில் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நமக்கு நேர் மேலே வருவதால் நண்பகலில் நிழல் தடியின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். ஏன் என்று பிள்ளை கேட்டால் அந்தக் கேள்வியைக் கொப்பியில் எழுதி ஆசிரியரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். கேள்வியோடு வரும் மாணவனை எந்த ஆசிரியரும் மறக்கமாட்டார்.

எழுத வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு

"எனக்கே தெரியாது, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று பல தாய்மார் கேட்கிறார்கள். ஈர்க்குக் கட்டுவதற்கும் நிழலில் கல் வைப்பதற்கும் எழுத்துத் தேவையில்லை. தமிழ்ப் பாடத்தில் பிள்ளை வாசிக்க நீங்கள் கேளுங்கள், அல்லது கூடவே படியுங்கள். கையொப்பம் இடவும் படிவத்தில் உங்கள் பெயரைக் கண்டுபிடிக்கவும் பழகினால் அடுத்த முறை கைநாட்டு வைக்கத் தேவையிருக்காது. பெரியவர்களுக்கான வகுப்புகள் பற்றி வலயக் கல்விப் பணிமனையின் முறைசாராக் கல்விப் பிரிவில் விசாரிக்கலாம்.

வீட்டில் கைத்தொலைபேசி இருந்தால் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழிலும் பாடங்கள் உண்டு. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு பிடி ஈர்க்கு, இருபது நிமிடம் போதும். இன்று இரவு "கலேவெல" என்ற நான்கு எழுத்தோடு தொடங்குங்கள்.