இலாபம் கருதா அரங்கமும் ஊரும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடரங்கிற்கு அளவு கூறுகின்றார். 24 விரல் கொண்ட கோலால் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்பது அவ்வளவு. தூண்களின் நிழல் இடையே விழாதவாறு விளக்கு வைத்த செய்தியையும் அவர் விட்டுவிடவில்லை. ஆடி முடித்த மாதவிக்குத் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் அரசனிடமிருந்து கிடைக்கின்றன. கலையைத் தாங்குவது யார் என்னும் வினா அக்காலத்தில் எழவில்லை. அரசனும் இன்றி, இலாபம் நாடும் முதலாளியும் இன்றி ஓர் அரங்கம் நிற்க முடியுமா என்பது நம் காலத்து வினா. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

திருப்பெரும்புதூரை அடுத்த மண்ணூரில் வாழ்வோர்க்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. ஒரகடம் வரையிலான இவ்வட்டாரத்தில் ஏரியும் வயலுமாக இருந்த நிலத்தில் பல இன்று தொழிற்சாலைகள். பிற மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் வாடகை அறைகளில் தங்கி, முறைப்பணிக்குச் சென்று வருகின்றனர். பேருந்தில் அருகருகே அமர்ந்து செல்லும் இவர்கள் ஒருவரையொருவர் அறியார். அறிந்துகொள்வதற்கு ஒரு பொது இடம் வேண்டும்.

சென்னை நகரம் இவ்வகையில் நமக்கு ஒரு பழைய பாடம். 1891ஆம் ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் தம் நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். பெல்லாரியிலிருந்து வந்த குழுவினரின் தெலுங்கு நாடகங்களைக் கண்டதே அதற்குத் தூண்டுகோல். நடிப்பை நாகரிகமற்ற தொழிலாகக் கருதிய காலம் அது. பிள்ளைகள் நாடகத்திற்குப் போனால் கெட்டுவிடுவர் என்று முகம் சுளிக்கும் பெரியோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்கள்மீது நமக்கு வருத்தமில்லை, அன்றைய சென்னையும் அப்படித்தான் எண்ணியது. அந்த எண்ணத்தை மாற்றியவர்கள் சபையின் மேடையேறிய வழக்கறிஞர்களும் அலுவலர்களும் ஆவர். பின்னாளில் விடுதலைப் போராட்டத்தில் புகழ்பெற்ற எஸ். சத்தியமூர்த்தியும் அச்சபையில் நடித்தவரே. நடித்தவர் ஊதியம் பெறவில்லை. உறுப்பினர் சந்தா செலுத்தினர். குறித்த நேரத்தில் தொடங்குதல் என்னும் ஒழுங்கு மேடைக்கு வந்தது. ‘மனோகரா’ அங்கே பிறந்து, 1954இல் திரைப்படமும் ஆயிற்று. இலங்கைத் தமிழ் நாடகத்தின் முன்னோடி கலையரசு சொர்ணலிங்கம் பம்மலாரைத் தம் ஆசானாகவே போற்றினார்.

எனினும் அச்சபையின் உறுப்பினர் பெரும்பாலும் கற்றோர், வசதியுடையோர். சந்தா செலுத்தியவர்க்கே அரங்கம் சொந்தமாயிற்று. காலப்போக்கில் நாடகம் பின்னே சென்றது. உறுப்பினர் கூடிப் பொழுதுபோக்கும் மன்றமாக அது நிலைபெற்றது. ஊரார் எல்லோரும் உரிமை கொண்டாட இடமில்லாத அரங்கம் அவ்வாறு ஆவதில் வியப்பில்லை என்பது நம் கருத்து.

1977இல் ந. முத்துசாமி தோற்றுவித்த கூத்துப்பட்டறை வேறொரு வழியில் சென்றது. நகரத்து நாடகத்திற்கு வேர் தேடிய அவர், புரிசை கண்ணப்ப தம்பிரானின் தெருக்கூத்திடம் வந்து சேர்ந்தார். நடிகர் முழுநேரமும் பயிற்சி பெற்று ஊதியமும் பெறவேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கு ஃபோர்டு அறக்கட்டளையின் நல்கை ஒரு காலத்தில் துணை நின்றது. பசுபதி, கலைராணி முதலியோர் அங்கிருந்து திரைக்கு வந்தனர். ஆயின் நல்கை என்பது பிறர் வாய்க்கால் நீர். மடை எப்போது அடைபடும் என்பது பயிரிடுவோன் கையில் இல்லை.

நமக்கு இன்னும் அண்மையில் உள்ளது காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல். கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபால் முயற்சியால் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைந்தது. ஆடுவோரே கூடி அமைத்த சங்கம் என்பது அதன் தனிச்சிறப்பு. தோளிலும் தலையிலும் அணியும் மரக்கட்டை அணிகலன்களால் வந்த பெயர் கட்டைக்கூத்து. நெதர்லாந்து நாட்டு அறிஞர் ஹன்னா டி புருயின் இப்பணியில் அவருடன் இணைந்து உழைத்தார். 2002இல் தொடங்கிய குருகுலத்தில் கிராமத்துப் பிள்ளைகள் பகலில் பாடமும் உடன் கூத்தும் கற்றனர். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண்பிள்ளைகளும் வேடமேற்றனர். இஃது எளிய செயல் அன்று. மகளைக் கூத்தாட அனுப்பும் பெற்றோர் ஊராரின் பேச்சையும் தாங்கவேண்டும். அக்குருகுலம் 2020இல் மூடப்பட்டது. ஏறத்தாழ 18 ஆண்டு நடந்த ஒரு பள்ளி மூடப்பட்டபோது, சற்றுத் தொலைவிலுள்ள நம் தொழில் வட்டாரம் அதை அறிந்ததாகவே தெரியவில்லை.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கூத்து இரவு தொடங்கி விடியும்வரை நிகழ்வது. ஊரே விழித்திருந்து காண்பதற்கு மறுநாட் காலை ஊருக்குச் சொந்தமாக இருக்கவேண்டும். இப்பகுதியில் இரவும் காலையும் முறைப்பணிக்கு உரியவை ஆகிவிட்டன. தந்தை அம்மன் கோயில் திடலில் பாரதக் கூத்துப் பார்த்த அதே இரவுப்பொழுதில், மகன் உதிரிப்பாகங்களை எண்ணிக்கொண்டிருக்கின்றான். கூத்தில் சுவை குறைந்ததால் கூட்டம் குறைந்தது என்பார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. பார்ப்போனின் இரவு பறிபோயிற்று என்பதே காரணம்.

பொருளுக்கு வழியில்லையா எனின், உண்டு. 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுவரவு 1000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் என்பனவற்றுள் ஒன்றை எட்டிய நிறுமம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும். அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணை கலை பண்பாட்டையும் மரபுக் கலை வளர்ச்சியையும் அப்பணிகளுள் சேர்த்துள்ளது. கூரைக்கும் விளக்கிற்கும் அப்பணத்தைக் கேட்பதில் இழுக்கில்லை. நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் அதனுடன் கொடுத்துவிடலாகாது. ஒப்பந்தத் தொழிலாளியின் துயரைக் கூறும் நாடகம், திரைச்சீலையில் நிறுமத்தின் பெயர் தொங்கும் மேடையில் எத்தனை நாள் நடக்கும்? ஆகவே நடப்புச் செலவு பார்ப்போரிடமிருந்தே வரவேண்டும். ஆளுக்குப் பத்து ரூபாயாயினும், தந்தவன் ‘என் அரங்கம்’ என்பான். பிடிக்காவிடில் எழுந்து நின்று கேட்பான்.

இதற்குப் புதுக் கட்டடம் எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மார்கழியில் முகூர்த்தம் குறைவாதலின் திருமண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. கூத்துக் கலைஞர்க்கும் அது ஆட்டம் குறைந்த காலம். காலை முறைப்பணி முடித்தோர் உண்டு இளைப்பாறி, இரவுப் பணிக்குரியோர் இன்னும் புறப்படாத ஞாயிறு மாலை 4 மணி முதல் 6 மணி வரை ஒரு மண்டபத்தைத் திறக்கலாம். விடிய விடிய ஆடுவதை இரண்டு மணி அளவில் சுருக்கிக்கொள்ளக் கூத்துக் கலைஞர் அறிவர். தமிழறியாப் பிறமாநிலத் தோழர்க்குக் கதையை இந்தியில் முன்னுரைக்க நம் மாணவர் இருவர் வாயிலில் நின்றால் போதும்.