படத்தில் தோன்றிய உறுப்பு

பாக்டீரியாக்களை ஒளி நுண்ணோக்கியின் உதவியால் காணலாம். ஆயினும், அவற்றின் உள்ளமைப்பை அக்கருவியால் தெளிவாகக் காட்ட இயலாது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அதில் ஒரு கூறே நானோமீட்டர். ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. புரதத்தை உருவாக்கும் ரைபோசோமோ ஏறக்குறைய 20 நானோமீட்டர் அளவே உடையது.

இக்குறையைத் தீர்த்தது எலக்ட்ரான் நுண்ணோக்கி. 1931ஆம் ஆண்டில் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மேக்ஸ் நோலும் இதன் முன்மாதிரியை உருவாக்கினர். இதில் ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றை பயன்படுகிறது. காந்தப்புலம் அக்கற்றையைக் குவிக்கிறது.

எலக்ட்ரான்கள் காற்றில் சிதறிவிடும் என்பதால், கருவியின் உள்ளே வெற்றிடம் தேவை. ஈரமுள்ள உயிரணுவை அதில் அப்படியே வைக்க முடியாது. ஆகவே, பாக்டீரியாவை முதலில் வேதிப்பொருள்களால் நிலைப்படுத்துவர். பின்னர், அதன் நீரை அகற்றிப் பிசினில் பதித்து, 100 நானோமீட்டருக்கும் மெல்லிய சீவல்களாக வெட்டுவர். கன உலோக உப்புகளால் சாயமேற்றிய பிறகே படம் எடுப்பர்.

1950களில் இவ்வாறு எடுத்த படங்களில் புதிய அமைப்பு ஒன்று தென்பட்டது. உயிரணுச் சவ்வு உள்நோக்கி மடிந்து, பை போலக் காணப்பட்டது. அதற்கு ‘மீசோசோம்’ எனப் பெயரிட்டனர். உயிரணு பிரிவதற்கும் சுவாசிப்பதற்கும் அது உதவக்கூடும் எனக் கருதினர். பாடநூல்களிலும் அது இடம்பெற்றது.

பிற்காலத்தில் இதில் ஐயம் எழுந்தது. 1980களில், சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஜாக் துபோஷேயின் குழுவினர் புதிய முறை ஒன்றைக் கண்டனர். நீர் பனிப்படிகமாக மாறுவதற்குள் மாதிரியை மிக விரைவாக உறைய வைப்பதே அம்முறை. இதற்கு வேதிப்பொருளும் சாயமும் தேவையில்லை. உறைந்த நீர் வெற்றிடத்தில் ஆவியாகாதபடி மாதிரியைக் கடுங்குளிரில் வைத்திருப்பர். இவ்வாறு எடுத்த பாக்டீரியாப் படங்களில் மீசோசோமைக் காணவில்லை. ரைபோசோம்களோ இரு முறைகளிலும் தென்பட்டன.

மீசோசோம் உண்மையான உறுப்பு அன்று. வேதிப்பொருள்கள் சவ்வைப் பாதித்ததால் உண்டான மடிப்பே என அறிவியலாளர்கள் முடிவுக்கு வந்தனர். துபோஷே 2017ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசை மேலும் இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பர் நம் முன்னோர். ஒரு முறையில் கண்டதை வேறொரு முறையிலும் சோதித்து உறுதிசெய்வதே அறிவியலில் தீர விசாரிப்பதாகும்.